டர்போ இன்ஜினுக்கு எத்தனால்: மாற்றும் முன் அளக்க வேண்டியவை

டர்போ வண்டிக்காரர்களிடம் எத்தனால் பேச்சை எடுத்தால், "பெட்ரோலைவிட அதில் சக்தி அதிகம்" என்பார்கள். அந்த எண்ணத்தைத் திருத்திக்கொண்டுதான் இந்த அத்தியாயத்துக்குள் நுழைய வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலை எரித்தால் ஏறக்குறைய 43 மெகாஜூல் கிடைக்கிறது. ஒரு கிலோ எத்தனாலில் 27 மெகாஜூல்தான். எடைக்கு எடை பார்த்தால் எத்தனால் ஏழை எரிபொருள்.

ஆனால் இன்ஜினுக்குள் எவ்வளவு எரிக்கலாம் என்பதை முடிவு செய்வது காற்று. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 43-ஐ 14.7-ஆலும், 27-ஐ 9-ஆலும் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் விடை கிட்டத்தட்ட 3. அதாவது, டர்போ தள்ளும் ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் இரண்டு எரிபொருளும் ஒரே அளவு வெப்பத்தைத்தான் தருகின்றன. பெட்ரோலை வடித்துவிட்டு எத்தனாலை ஊற்றி, அதற்கேற்ற அளவு எரிபொருளும் கொடுத்து, வேறு எதையும் தொடாமல் ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் ஸ்வீடனின் கோனிக்செக் நிறுவனம் தன் ஜெஸ்கோ காருக்குப் பெட்ரோலில் 1,280 குதிரைத்திறன், எத்தனால் பெரும்பங்காக உள்ள இ85 எரிபொருளில் 1,600 என்று இரண்டு எண்களைக் கொடுக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? குளிர்ச்சியிலிருந்து. கையில் சானிடைசர் ஊற்றித் தேய்க்கும்போது சில்லென்று இருக்கிறதல்லவா, அதே எத்தனால்தான் இங்கேயும் வேலை செய்கிறது. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். பக்கத்தில் இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ எத்தனால் ஆவியாக ஏறக்குறைய 900 கிலோஜூல் உறிஞ்சும். பெட்ரோல் 350 அளவில் நின்றுவிடும். போதாததற்கு அதே காற்றுக்கு எத்தனாலை அதிகமாக ஊற்றுகிறோம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு கிலோ காற்றிலிருந்து எத்தனால் எடுக்கும் வெப்பம் பெட்ரோல் எடுப்பதைப் போல நான்கு மடங்கு. பாதி வெப்பம் சுவர்களிலிருந்தும் வால்விலிருந்தும் வருகிறது என்று கழித்தாலும், சிலிண்டருக்குள் நுழையும் கலவை பல பத்து டிகிரி குளிர்ந்துவிடும். இன்டர்கூலருக்குப் பின்னால் இன்னொரு இன்டர்கூலர் வைத்த பலன் இது.

இதனுடன் ஆக்டேன். சுத்த எத்தனாலின் ரிசர்ச் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டி இருக்கிறது. டர்போ இன்ஜினைக் கட்டிப்போடும் எதிரி நாக். தீப்பொறி பற்றவைத்த சுடர் வந்து சேர்வதற்குள், மூலையில் அழுந்திக் கிடக்கும் கலவை சூட்டில் தானே வெடித்துவிடுவதுதான் நாக். அதற்குப் பயந்துதான் பூஸ்டைக் குறைக்கிறோம், டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். எத்தனால் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. கிடைக்கும் சக்தி முழுவதும் அந்த விடுதலையில் இருந்து வருவது.

தொழிற்சாலையே இதைச் செய்து காட்டிய வண்டி, 2005-இல் ஸ்வீடனில் விற்பனைக்கு வந்த சாப் 9-5 பயோபவர். 2 லிட்டர் டர்போ இன்ஜின். பெட்ரோலில் 150 குதிரைத்திறன், 240 நியூட்டன் மீட்டர் டார்க். அதே வண்டி இ85-இல் 180 குதிரைத்திறன், 280 நியூட்டன் மீட்டர். டர்போ மாறவில்லை. எது ஊற்றப்பட்டிருக்கிறது என்று கண்டுகொண்டு, பூஸ்டையும் டைமிங்கையும் மாற்றியது அதன் டிரயானிக் கட்டுப்பாட்டு அமைப்பு. கூடவே வால்வுகளையும் வால்வு சீட்டுகளையும் கடினமான உலோகத்துக்கு மாற்றி, எரிபொருள் தொடும் பாகங்களை எத்தனால் தாங்கும் பொருளில் செய்திருந்தார்கள். கிடைத்த லாபம் 20 சதவீதம். அதற்கு முன் செய்த வேலை இவ்வளவு. இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஊற்ற வேண்டும்?

எத்தனால் மாற்றத்தில் கெட்டுப்போகும் இன்ஜின்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கெடுகின்றன. அதனால் இதை மெதுவாகப் பார்ப்போம்.

இ85-க்கு, 10 சதவீத எத்தனால் கலந்த வழக்கமான பெட்ரோலைவிட ஏறக்குறைய 35 முதல் 40 சதவீதம் அதிகக் கொள்ளளவு தேவை. எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 40 சதவீதத்தையும் தாண்டும். பம்ப், ஃபில்டர், லைன், இன்ஜெக்டர் எல்லாமே அந்த அளவுக்குக் கூடுதலாகத் தள்ள வேண்டும்.

நான்கு சிலிண்டர், 2 லிட்டர், போர்ட் இன்ஜெக்‌ஷன், 400 குதிரைத்திறன் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். டர்போ இன்ஜின் பெட்ரோலில் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 260 கிராம் அளவில் குடிக்கும். இ85-இல் 370 கிராம் என்று எடுத்துக்கொண்டால் பாதுகாப்பான கணக்கு. 400-ஐ 370-ஆல் பெருக்கினால் மணிக்கு 148 கிலோ. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.5 கிலோ. இ85-இன் அடர்த்தி லிட்டருக்கு 0.78 கிலோ என்பதால் நிமிடத்துக்கு 3.2 லிட்டர். நான்காகப் பிரித்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 800 சிசி. இன்ஜெக்டரை 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 0.85-ஆல் வகுக்க, 940 சிசி வருகிறது. கடையில் 1,000 சிசி இன்ஜெக்டர் கேளுங்கள். இதே சக்திக்குப் பெட்ரோலில் 700 சிசி போதுமாக இருந்திருக்கும்.

இப்போது பம்ப். நிமிடத்துக்கு 3.2 லிட்டர் என்றால் மணிக்கு 190 லிட்டர். "என்னிடம் 255 லிட்டர் பம்ப் இருக்கிறதே, தாராளம்" என்று தோன்றும். பெட்டியில் எழுதியிருக்கும் 255 எந்த அழுத்தத்தில், எந்த வோல்டேஜில் என்று பாருங்கள். அடிப்படை அழுத்தம் 3 பார், பூஸ்ட் 1.4 பார் ஏறும்போது ரெகுலேட்டர் எரிபொருள் அழுத்தத்தையும் அதே அளவு ஏற்றும். பம்ப் 4.4 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பம்பின் ஓட்டம் விழும். பம்ப் தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் 4.4 பாருக்கு நேரே என்ன எண் இருக்கிறதோ அதுதான் உங்கள் எண். அது 190-ஐவிட 20 சதவீதமாவது அதிகமாக இருக்கட்டும்.

அந்த வரைபடமும் 13.5 வோல்ட்டுக்குப் போட்டது. பழைய வண்டியின் மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த், சூடேறிய ரிலே எல்லாம் தாண்டிப் பம்புக்கு 12 வோல்ட்தான் போய்ச் சேருகிறது என்றால் கணக்கெல்லாம் தவிடுபொடி. மல்டிமீட்டரின் முனைகளைப் பம்ப் கனெக்டரிலேயே வைத்து, இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட்டும் ரேடியேட்டர் ஃபேனும் போட்டபடி அளந்து பாருங்கள். பேட்டரி முனையில் தெரியும் வோல்டேஜுக்கும் இங்கே தெரிவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயரும் தனி ரிலேயும் ஃபியூஸும் போட்டுவிடுங்கள். நூறு ரூபாய் ஒயரைச் சரிசெய்யாமல் பிஸ்டனை இழப்பது வேதனையான காரியம்.

நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கதை வேறு. அங்கே கேம் ஷாஃப்ட் ஓட்டும் உயர் அழுத்தப் பம்புதான் எல்லைக்கோடு. எரிபொருள் தெளிக்கக் கிடைக்கும் நேரமும் குறுகியது. தீப்பொறிக்கு முன் முடித்தாக வேண்டும். சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பதால் குளிர்ச்சியின் பலன் முழுதாகக் கிடைக்கிறது என்பது நல்ல செய்தி. ஆனால் கம்பெனி பம்பை வைத்துக்கொண்டு முழு இ85 ஓட்டினால், உயர் ஆர்பிஎம்மில் ரெயில் அழுத்தம் சரியும். சரிவது தெரிந்த நொடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பெரிய பம்ப் போடுவது, அல்லது போர்ட்டில் கூடுதல் இன்ஜெக்டர் வைப்பது, அல்லது எத்தனால் சதவீதத்தைக் குறைப்பது என்று மூன்று வழி இருக்கிறது. நான் மூன்றாவதைத்தான் முதலில் சொல்வேன்.

காரணம், ஆக்டேன் எத்தனாலோடு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. முதல் 30, 40 சதவீதத்துக்குள்ளேயே லாபத்தின் பெரும்பங்கு வந்துவிடுகிறது. 30 சதவீதக் கலவைக்கு, 10 சதவீதக் கலவையைவிட 8 சதவீதம் மட்டுமே கூடுதல் கொள்ளளவு போதும். பல வண்டிகளின் கம்பெனிப் பம்பே அதைச் சமாளிக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு இதுவே சரியான இடம் என்பது என் தீர்மானமான கருத்து. கலக்கும் கணக்கும் எளிது: 50 லிட்டர் டேங்கில் 30 சதவீதம் வேண்டும், கையில் இருப்பது 80 சதவீத எத்தனாலும் 10 சதவீதப் பெட்ரோலும் என்றால், 14 லிட்டர் முன்னதும் 36 லிட்டர் பின்னதும்.

டேங்கில் உண்மையில் என்ன இருக்கிறது?

இ85 என்ற பெயரைக் கேட்டதும் 85 சதவீதம் எத்தனால் என்று நம்பிவிடுகிறோம். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி5798 தரநிலைப்படி அந்தப் பெயரில் விற்கும் எரிபொருளில் 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம். குளிர்காலத்தில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காகப் பெட்ரோல் பங்கைக் கூட்டுகிறார்கள். ஆக, அக்டோபரில் டியூன் செய்த வண்டி ஜனவரியில் வேறு எரிபொருளைக் குடிக்கிறது.

இதன் விளைவை எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். 70 சதவீத எத்தனாலுக்கு மேப் போட்டு, முழு பூஸ்டில் லாம்டா 0.82 என்று வைத்திருக்கிறீர்கள் (லாம்டா என்பது உள்ளே போகும் காற்றுக்கும் எரிபொருள் முழுதாக எரியத் தேவையான காற்றுக்கும் உள்ள விகிதம்). அடுத்த முறை பங்கில் கிடைத்தது 83 சதவீதம். அதே இன்ஜெக்டர் நேரத்துக்கு லாம்டா 0.87 பக்கம் போய்விடும், அதாவது கலவை லீன். எதிர்த்திசையில், 83-க்குப் போட்ட மேப்பில் 60 சதவீதத்தை ஊற்றினால் கலவை அளவுக்கு மீறி ரிச்சாகி இன்ஜின் திணறும். நாக் தாங்கும் திறனும் குறைந்திருக்கும்.

அளப்பது சிரமமில்லை. 100 மில்லி அளவு கோடு போட்ட, மூடியுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்குங்கள். சரியாக 50 மில்லி வரை தண்ணீர். அதன்மேல் 100 கோடு வரை எரிபொருள். ஊற்றும்போதே இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் போல் நெளியும் கோடு தெரியும். மூடியை இறுக்கி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, மூடியை மெதுவாகத் திறந்து ஆவியை வெளியேற்றி மூடிவிட்டு, சமதளத்தில் நிற்க வையுங்கள். முதலில் பால் போல் கலங்கும். சில நிமிடங்களில் மேலே மஞ்சள் சாயலில் பெட்ரோல் பிரிந்து மிதக்கும். எத்தனால் முழுவதும் தண்ணீரோடு சேர்ந்து கீழே நிற்கும். எல்லைக்கோடு 50-இலிருந்து எங்கே ஏறியிருக்கிறது என்று, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். 90-இல் நின்றால், 50 மில்லி எரிபொருளில் 40 மில்லி எத்தனால்: 80 சதவீதம். தண்ணீரும் எத்தனாலும் கலக்கும்போது கொள்ளளவு சற்றுச் சுருங்கும் என்பதால் உண்மை அளவு சில சதவீதம் கூடவே இருக்கும். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் இதைச் செய்யுங்கள். பங்கில் நிலத்தடித் தொட்டி மாறியிருக்கலாம், லாரி மாறியிருக்கலாம். குழாய் பொய் சொல்லாது.

அடிக்கடி வெவ்வேறு இடங்களில் நிரப்புகிறவர்களுக்கு ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் சென்சார் அவசியம். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வரும் சென்சாரையே உலகெங்கும் டியூனர்கள் பயன்படுத்துகிறார்கள். எத்தனாலும் பெட்ரோலும் மின்புலத்துக்குக் காட்டும் எதிர்வினை வெகுவாக வேறுபடுவதால், அதை வைத்து விகிதத்தைக் கண்டறிகிறது. சுத்தப் பெட்ரோலுக்கு 50 ஹெர்ட்ஸ், சுத்த எத்தனாலுக்கு 150 ஹெர்ட்ஸ். வரும் எண்ணிலிருந்து 50-ஐக் கழித்தால் சதவீதம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் பெட்ரோலுக்கு ஒரு மேப், எத்தனாலுக்கு ஒரு மேப் போட்டு, இடைப்பட்டதைச் சென்சார் கலந்துகொள்ளும்படி அமைப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒயர் அறுந்தால் ஈசியு என்ன செய்யும்? கடைசியாகப் பார்த்த சதவீதத்தை எரிபொருள் அளவுக்கு வைத்துக்கொண்டு, டைமிங்கைப் பெட்ரோல் மேப்புக்கும் பூஸ்டை வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அளவுக்கும் இறக்கிவிட வேண்டும். டியூனர் இதை அமைத்திருக்கிறாரா என்று சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

மேப் போடும்போது

வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. அதில் காற்று-எரிபொருள் விகிதத்தைப் பார்க்கும் பழக்கத்தை விட்டு லாம்டாவுக்கு மாறிவிடுங்கள். பெட்ரோலின் 14.7-உம் எத்தனாலின் 9-உம் லாம்டாவில் ஒன்றே ஒன்று: 1.0. மீட்டர் உள்ளே அளப்பதும் லாம்டாதான், 14.7-ஆல் பெருக்கி நமக்குக் காட்டுகிறது. இ85 ஊற்றிவிட்டு மீட்டரில் அதன் சரிவிகிதமான 9.8-ஐத் தேடுகிறவர்கள் இன்ஜினை எரிபொருளில் முக்கியெடுத்துவிடுவார்கள். முழு பூஸ்டில் 0.80-இல் தொடங்குவது நல்லது.

டைமிங்தான் நுட்பமான இடம். பெட்ரோலில் டைமிங்கை முன்னே தள்ளிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நாக் கேட்கும், நாக் சென்சார் ஈசியுவிடம் சொல்லும், நிறுத்துவோம். அந்த எச்சரிக்கை மணி எத்தனாலில் பெரும்பாலும் அடிப்பதில்லை. அதிக டார்க் தரும் டிகிரியைத் தாண்டியும் இன்ஜின் அமைதியாக ஓடும். தாண்டியபின் சக்தி கூடுவதில்லை. சிலிண்டர் அழுத்தம் மட்டும் கூடுகிறது. அது கனெக்டிங் ராடு மீதும், ஹெட் கேஸ்கெட் மீதும், பிஸ்டனின் ரிங் வரப்புகள் மீதும் இறங்கும். சத்தமே இல்லாமல் ராடு வளைந்த இன்ஜின்களுக்குக் காரணம் இதுதான்.

ஆகவே டைனோ இல்லாமல் எத்தனாலுக்கு டைமிங் வைக்கக் கூடாது. ரோலரில் வண்டியை 4,500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். முதல் டிகிரிக்கு டார்க் 8 நியூட்டன் மீட்டர் ஏறுகிறது, அடுத்ததற்கு 5, அதற்கடுத்து 2, பிறகு அசையவில்லை என்றால், 2 ஏறிய டிகிரிக்கு ஒரு படி முன்பே நின்றுவிடுங்கள். கைவிடுவது இரண்டு நியூட்டன் மீட்டர். பெறுவது, வெயில் நாளிலும் மட்டமான எரிபொருளிலும் இன்ஜின் பிழைக்கும் இடைவெளி.

பூஸ்டைப் பற்றி ஒரே வார்த்தை: எரிபொருள் தாங்குகிறது என்பதற்காக இரும்பு தாங்கும் என்று நினைக்காதீர்கள். உங்கள் இன்ஜினின் ராடு எவ்வளவு டார்க்கில் வளையும் என்பது அதே இன்ஜினைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும்; அவர்களிடம் கேட்டு, அந்த அளவுக்குள் டார்க்கை நிறுத்துங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்டைத் திணிப்பதுதான் ராடுக்கு மிகவும் கொடியது.

இன்னொரு ஆபத்து, நாக் அல்லாத முன்பற்றல். சூடேறிய பிளக் முனையோ, கார்பன் துணுக்கோ தீப்பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். நாக்கைத் தாங்குவதில் கெட்டிக்காரனான எத்தனால், சூடான பரப்பைத் தொட்டுப் பற்றுவதில் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. பிளக்கை ஒரு படி குளிர்ந்த ரகத்துக்கு மாற்றுங்கள். சக்தி வெகுவாகக் கூட்டினால் இரண்டு படி. என்ஜிகே பிளக்கில் எண் பெரிதாகப் பெரிதாகக் குளிர்ச்சி, போஷில் நேர்மாறு என்பதைக் கவனித்து வாங்குங்கள். அதிக பூஸ்டில் தீப்பொறி அணையாமல் இருக்க இடைவெளியை 0.6 மில்லிமீட்டருக்கு இறக்க வேண்டி வரலாம்.

ரப்பர், உலோகம், தண்ணீர்

பழைய நைட்ரைல் ரப்பர் ஹோஸ்களும் ஓ-ரிங்குகளும் எத்தனாலில் உப்பி வெடிக்கும். விட்டான் வகை ஓ-ரிங், டெஃப்லான் உள்பூச்சு ஹோஸ், அனோடைஸ் செய்த ரெயில் என்று மாற்றிவிடுங்கள். துத்தநாகம், மெக்னீசியம், பூச்சில்லாத அலுமினியம் எதுவும் எரிபொருள் பாதையில் வேண்டாம். எத்தனால் பெட்ரோலைப் போலன்றி மின்சாரத்தை ஓரளவு கடத்தும். ஆகவே டேங்குக்குள் பம்புக்குப் போகும் ஒயரில் தோல் உரிந்த இடம் இருக்கக் கூடாது, அங்கே உலோகம் அரித்துக்கொண்டே போகும். காகித ஃபில்டருக்குப் பதில் மைக்ரோகிளாஸ் அல்லது ஸ்டெயின்லெஸ் வலை. பல வருடம் பெட்ரோல் மட்டுமே பார்த்த டேங்கின் அடியில் படிந்திருக்கும் கசடை எத்தனால் கழுவிக்கொண்டு வரும். அதனால் முதல் இரண்டு டேங்க் முடிந்ததும் ஃபில்டரைக் கட்டாயம் மாற்றுங்கள்.

குளிரில் ஸ்டார்ட் செய்வது இ85-இன் பலவீனம். எத்தனால் 78 டிகிரியில்தான் கொதிக்கும். குளிர்ந்த இன்ஜினில் ஆவியாக மறுக்கும். பிரேசில்காரர்கள் பானெட்டுக்குள் சிறிய பெட்ரோல் டேங்க் ஒன்றை வைத்துப் பல வருடம் சமாளித்தார்கள். 2009-இல் அங்கே வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ இ-ஃப்ளெக்ஸ், எரிபொருளைச் சூடாக்கித் தெளிக்கும் போஷ் அமைப்போடு அந்தச் சின்ன டேங்கைத் தேவையற்றதாக்கியது. நீங்கள் ஈசியுவில் கிராங்கிங் எரிபொருளைக் கூட்டினால் போதும். 15 டிகிரிக்கு மேல் உள்ள ஊர்களில் இது பெரிய தலைவலி இல்லை.

தீயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1981 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில், பிட்டில் எரிபொருள் நிரப்பும்போது ஓட்டுநர் ரிக் மியர்ஸ் மீது மெத்தனால் தீப்பிடித்தது. பகல் வெளிச்சத்தில் மெத்தனால் சுடர் கண்ணுக்குத் தெரியாது. என்ன நடக்கிறது என்று சுற்றி நின்றவர்களுக்கு உடனே புரியவில்லை. எத்தனால் சுடர் அவ்வளவு மோசமில்லை என்றாலும் வெயிலில் வெளிறித்தான் தெரியும். இ85-இல் உள்ள பெட்ரோல் சுடருக்கு நிறம் கொடுக்கிறது. இண்டிகார் பந்தயம் 2012-இல் 2.2 லிட்டர் டர்போ வி6 இன்ஜின்களுக்கு மாறியபோது தேர்ந்தெடுத்ததும் இ85-ஐத்தான். பட்டறையில் டிரை பவுடர் அல்லது ஆல்கஹால் தாங்கும் நுரை வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சாதாரண நுரையை எத்தனால் கரைத்துவிடும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு

இங்கே பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். டர்போ வண்டியை ஏற்கெனவே 10 சதவீதக் கலவைக்கு ரீமேப் செய்து வைத்திருந்தால், முழு பூஸ்டில் கலவை 4 சதவீதம் அளவுக்கு லீனாகியிருக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைச் சரிசெய்துகொள்ளும். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது பல வண்டிகள் சென்சாரைக் கேட்காமல் மேப்பை மட்டும் நம்பும். ஒரு முறை லாகர் மாட்டி, லாம்டாவைப் பார்த்து, மேப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆக்டேன் பக்கம் லாபமே.

இந்தியன் ஆயில் 2024 மார்ச்சில் 'எத்தனால் 100' எரிபொருளைச் சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த பங்குகளில் அறிமுகம் செய்தது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. அது ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வண்டிகளுக்கானது. ட்ராக் வண்டியில் கலந்து பார்க்க விரும்புகிறவர்கள் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும். இரசாயனக் கடையில் கிடைக்கும் தொழிற்சாலை ஸ்பிரிட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அதில் மெத்தனால் கலந்திருக்கலாம். மெத்தனால் அலுமினியத்தை அரிக்கும், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறும், பார்வையைப் பறிக்கும். போதாததற்கு, அனுமதியில்லாமல் ஸ்பிரிட் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

ஆயிலும் ஓய்வும்

எத்தனால் ஓடும் இன்ஜினில் ஆயிலின் ஆயுள் குறைவு. அதிகமாகத் தெளிப்பதால் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும், கூடவே தண்ணீரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் மோர் போன்ற வெளிறிய பசை ஒட்டியிருந்தால், வண்டி சூடேறும் முன்பே அணைக்கப்படுகிறது என்று பொருள். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுங்கள். ட்ராக்கில் ஓட்டினால் அதற்கும் முன்பே.

மாதக்கணக்கில் நிறுத்தப் போகிற வண்டியில் இ85-ஐ விட்டுவைக்காதீர்கள். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பம்பையும் இன்ஜெக்டரையும் மெல்ல அரிக்கும். இன்ஜெக்டர் முனையில் பிசுபிசுப்பான படிவும் சேரும். டேங்கை வடித்து, 10 லிட்டர் பெட்ரோல் ஊற்றி, பெட்ரோல் மேப்பில் கால் மணி நேரம் ஓட்டி, லைன் முழுவதும் பெட்ரோல் வந்துவிட்டதைச் சென்சார் எண்ணில் உறுதி செய்துகொண்டு அணையுங்கள். மறுபடி எடுக்கும் நாளில், புதிய எரிபொருள், குழாய்ச் சோதனை, ஃபில்டர், எரிபொருள் அழுத்தம் என்ற வரிசையில் பார்த்துவிட்டு, முதல் 20 கிலோமீட்டரைப் பூஸ்ட் ஏறாமல் ஓட்டுங்கள்.